பூவல்லாத பூவும் ஒரு தாவர அறிஞரும்
(வில்லியம் ராக்ஸ்பர்க், 1751 – 1815)

நுழையும் முன்

தமிழ்நாட்டு நாட்டு மருந்துக்கடைகளில் இரண்டு வியப்பான பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்றின் பெயர் மாசிக்காய். ஆனால் அது காயன்று. மற்றொன்றின் பெயர் கடுக்காய்ப்பூ. ஆனால் அது பூவன்று. இவ்விரண்டும் பூச்சிகளால் மரங்களில் உண்டாகும் புடைப்புகள். இவற்றுள் கடுக்காய்ப்பூவின் பயனை 200 ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்து எழுதிவைத்தவர் ஒரு மருத்துவர். அவர் சென்னையில் பணியைத் தொடங்கிக் கொல்கத்தாவில் பெரும்புகழ் பெற்றவர். நம் முன்னோரின் கடற்கரையையும் நாம் வாழும் நகரையும் இணைத்த அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

காயல்லாத காய்

பச்சிளங்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வசம்பு, கடுக்காய், சாதிக்காய் ஆகியவற்றோடு மாசிக்காயையும் கல்லில் உரைத்துக் குழந்தையின் நாவில் தடவுவர். கோலிக்குண்டு அளவில், மேலே சிறு முட்களைப் போன்ற புடைப்புகளுடன் உருண்டையாக இருக்கும் மாசிக்காய், மேற்காசிய நாடுகளிலிருந்து வணிகர் வழியாக நம் நாட்டிற்கு வந்த பொருளாகும்.

கருவாலி எனப்படும் ஓக் மரத்தின் இளமொட்டில் ஒருவகைச் சிறுகுளவி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுவின் தூண்டுதலால் மரத்தின் திசுக்கள் இயல்புக்கு மாறாக வளர்கின்றன. அவ்வளர்ச்சி புழுவைச் சுற்றி ஓர் உருண்டையாகத் திரள்கிறது. அதுவே புழுவுக்கு வீடு. அதுவே அதற்கு உணவு. புழு முழுக்குளவியாக மாறியதும் உருண்டையின் சுவரில் துளையிட்டு வெளியே பறந்துவிடுகிறது. குளவி வெளியேறுமுன் பறிக்கப்பட்ட மாசிக்காய் கருமையும் கனமும் மிகுந்து, துவர்ப்புச் சத்து நிறைந்து இருக்கும். துளை விழுந்த மாசிக்காய் வெளிறி, எடை குறைந்து காணப்படும். எனவே, வணிகர்கள் துளையில்லாத காய்க்கே மிகுந்த விலை கொடுத்தனர்.

மாசிக்காயின் சாற்றோடு இரும்பு உப்பாகிய அன்னபேதியையும் பிசினையும் சேர்த்தால் அழியாத கரிய மை கிடைக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக அரசாணைகளும் நூல்களும் கடிதங்களும் அந்த மையினாலேயே எழுதப்பட்டன. ஒரு சிறுகுளவியின் வீட்டை நம்பியே பல நாடுகளின் எழுத்துப்பணி நடந்தது என்று கூறினும் மிகையாகாது.

இத்தகைய புடைப்பு நம் நாட்டு மரத்திலும் உண்டு என்று உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ராக்ஸ்பர்க் ஆவார்.

இளமையும் கல்வியும்

ராக்ஸ்பர்க் 1751ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் அயர்ஷயர் பகுதியில் பிறந்தார். எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் மருந்துகளுள் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்தே செய்யப்பட்டன. ஆகவே, மருத்துவம் கற்போர் தாவரவியலையும் கற்றாக வேண்டும். அங்குத் தாவரவியல் பேராசிரியராக விளங்கிய ஜான் ஹோப் என்பவரிடம் ராக்ஸ்பர்க் பாடம் கேட்டார். நோயைத் தீர்க்கக் கற்க வந்த இளைஞரின் உள்ளம் செடிகளின்பால் ஈர்க்கப்பட்டது.

பின்னர் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிந்தார். 1776ஆம் ஆண்டு சென்னையில் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்தபோது நாள்தோறும் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து குறித்துவந்தார். ஒருநாள் எழுதி மறுநாள் விட்டுவிடும் பழக்கம் அவரிடம் இல்லை. அந்தக் குறிப்புகள் 1778ஆம் ஆண்டு இலண்டன் அரசுக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன.

நோயாளிகளைக் கவனித்தபின் கிடைத்த நேரத்தில் அவர் சோழமண்டலக் கடற்கரையின் செடிகளைத் தேடி அலைந்தார். அப்போது தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் குடியிருப்பு இருந்தது. அங்கு வந்து சேர்ந்தவர் யோகான் கெர்ஹார்டு கோனிக். அவர் தாவரங்களுக்கு இருசொற்பெயர் இடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் நேரில் பயின்றவர். கோனிக்கின் நட்பு ராக்ஸ்பர்க்கின் ஆர்வத்திற்கு முறையான வழியைக் காட்டியது.

வெள்ளம் கொண்டுபோன உழைப்பு

1781ஆம் ஆண்டளவில் ராக்ஸ்பர்க் ஆந்திரப் பகுதியில் காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள சாமல்கோட்டாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஒரு தோட்டம் அமைத்து மிளகு முதலிய பயிர்களை வளர்த்துப் பார்த்தார். உள்ளூர் ஓவியர்களைப் பணியில் அமர்த்தி, ஒவ்வொரு செடியையும் இலை, பூ, காய், விதை எனப் பகுதி பகுதியாக வரையச் செய்தார்.

1787ஆம் ஆண்டு மே மாதம் கோதாவரிக் கழிமுகத்தை ஒட்டிய கடற்கரையைக் கடும்புயல் தாக்கியது. கடல்நீர் ஊர்களுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். ராக்ஸ்பர்க் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த நூல்களும் குறிப்புகளும் உலர்செடித் தொகுப்புகளும் அந்த வெள்ளத்தில் அழிந்தன.

அவருக்கு அப்போது அகவை ஏறத்தாழ 36. வேறொருவராயின் மருத்துவத் தொழிலே போதும் என்று அமைந்திருக்கலாம். அவர் மீண்டும் முதற்செடியிலிருந்து தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், அதாவது 1790ஆம் ஆண்டிற்குள், ஏறத்தாழ 700 ஓவியங்கள் அவரிடம் இருந்தன. அவற்றை இலண்டனில் இருந்த அறிஞர் ஜோசப் பேங்ஸுக்கு அனுப்பத் தொடங்கினார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 300 ஓவியங்கள் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய பெருநூலாக 1795 முதல் 1820 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன.

சாயங்களின் இரகசியம்

கடற்கரை ஊர்களின் நெசவாளரும் சாயத் தொழிலாளரும் துணி ஓவியரும் அந்நாளில் உலகப்புகழ் பெற்றிருந்தனர். அவர்கள் வண்ணமிட்ட துணிகள் துவைக்கத் துவைக்க வெளுக்கவில்லை. மாறாக, மேலும் பொலிவு பெற்றன. அவ்வண்ணங்கள் எச்செடிகளிலிருந்து வருகின்றன என்பதை ராக்ஸ்பர்க் அத்தொழிலாளர்களிடமே கேட்டறிந்தார். சிவப்புக்குச் சாயவேர், நீலத்திற்கு அவுரி என்பன பலரும் அறிந்தவை. வெட்பாலை மரத்தின் இலையிலிருந்தும் நீலச்சாயம் எடுக்கலாம் என்பதை அவர் ஆய்ந்து எழுதினார். சாயவேரைக் கொண்டு துணிக்குச் சிவப்பேற்றும் முறையையும் தம் நூலில் விரிவாக விளக்கினார்.

மஞ்சள் நிறத்திற்கு அவர்கள் பயன்படுத்தியதே கடுக்காய்ப்பூ. கடுக்காய் மரத்தின் இளந்தளிர்கள் விரியும் பருவத்தில் ஒரு பூச்சி அவற்றைத் துளைத்து முட்டையிடுவதாகவும், மரச்சாறு அங்கே பெருகி உள்ளே வெற்றிடமுள்ள புடைப்பாக மாறுவதாகவும் ராக்ஸ்பர்க் எழுதினார். இங்கு அவருடைய நேர்மையைக் காண வேண்டும். பூச்சி துளைப்பதைத் தாம் கண்டதாக அவர் கூறவில்லை. பிறர் கூறக் கேட்ட செய்தி என்றே குறித்தார். புடைப்புகள் பல வடிவங்களில் இருப்பதையும், அவை பெரும்பாலும் ஓர் அங்குலத்திற்கு மேற்படாதிருப்பதையும் குறித்தார். இவை ஓக் மரத்து மாசிக்காய்க்கு ஈடான நல்ல மையைத் தரும் என்றும், சோழமண்டலத் துணி ஓவியர்களுக்குச் சிறந்த நிலையான மஞ்சளைத் தருபவை இவையே என்றும் பதிவு செய்தார்.

ஒரே பொருள் கருமையையும் மஞ்சளையும் தருவது எவ்வாறு? மரம் தன் புடைப்பில் துவர்ப்புச் சத்தை மிகுதியாகச் சேர்த்துவைக்கிறது. அச்சத்து இரும்பு உப்போடு சேரும்போது கருநிறம் பிறக்கிறது. கடுக்காய்ப்பூவின் சாற்றைப் படிகாரத்தோடு சேர்த்துத் துணிக்கு ஏற்றும்போது மஞ்சள் நிறம் நிலைக்கிறது. வேதியியல் பெயர்களை அறியாத காலத்திலேயே நம் சாயத் தொழிலாளர்கள் இவ்வுண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

கூட்டைவிட்டு வந்த பூச்சிகள்

கேட்டதைக் கேட்டதாகக் குறித்த ராக்ஸ்பர்க், கண்டதை எவ்வாறு எழுதினார் என்பதற்கு அரக்குப்பூச்சி ஆய்வு ஒரு சான்றாகும். 1789ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மலைப்பகுதியிலிருந்து புதிய அரக்கு ஒட்டிய சிறுகிளைகள் அவரிடம் கொண்டுவரப்பட்டன. அவற்றை அவர் பாதுகாப்பாக வைத்து நாள்தோறும் பார்த்துவந்தார். இரண்டு வாரங்கள் கழிந்தபின், டிசம்பர் தொடக்கத்தில், எண்ணிறந்த நுண்பூச்சிகள் அரக்கின்மீது ஊர்ந்து செல்வதைக் கண்டார். உடனே அவற்றை உருப்பெருக்கியால் நோக்கி, அவற்றின் உறுப்புகளையும் வளர்ச்சியையும் எழுதி அனுப்பினார். அக்கட்டுரை 1791ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிடப்பட்டது.

புடைப்புக்கும் அரக்குக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு மனத்தில் கொள்ள வேண்டும். புடைப்பு, பூச்சியின் தூண்டுதலால் மரம் தன் உடலைக் கொண்டு கட்டும் வீடு. அரக்கோ, பூச்சி தன் உடலிலிருந்து சுரந்து தானே கட்டிக்கொள்ளும் கூடு.

பஞ்சம் கற்பித்த பாடம்

1789 முதல் சில ஆண்டுகள் ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் மழை பொய்த்தது. வயல்கள் வெடித்தன. மக்கள் உணவின்றி மடிந்தனர். ராக்ஸ்பர்க் அத்துன்பத்தை அருகிலிருந்து கண்டார். மழையை அளந்துவைத்த தம் குறிப்புகளை ஆராய்ந்தார். நெல்லை மட்டுமே நம்பியிருக்கும் நாட்டில் மழை தவறினால் உயிர்களும் தவறும் என்பதை உணர்ந்தார். தென்னை, வாழை, பலா, சீமைப்பலா, சவ்வரிசி தரும் பனை போன்றவற்றைக் கரைகளிலும் சாலையோரங்களிலும் நட வேண்டும் என்று கம்பெனி அதிகாரிகளுக்கு எழுதினார்.

கம்பெனியின் நோக்கம் வணிக வருவாய். சாயம், நார், மிளகு, தேக்கு ஆகியவற்றால் கிடைக்கும் பயனை நோக்கியே அது தாவர அறிஞர்களுக்கு ஊதியம் அளித்தது. ராக்ஸ்பர்க்கும் அப்பணியைச் செய்தவரே. ஆயினும், செடிகளை மக்களின் பசியோடு சேர்த்து நோக்கும் பார்வையும் அவரிடம் இருந்தது.

கொல்கத்தாவில் இருபது ஆண்டுகள்

ஊக்லி ஆற்றின் மேற்குக் கரையில், சிப்பூரில், 1787ஆம் ஆண்டு இராபர்ட் கிட் என்னும் படை அதிகாரி ஒரு தாவரத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். 1793ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் அதன் பொறுப்பு ராக்ஸ்பர்க்கிடம் வந்தது. கரையோரத்தில் கட்டப்பட்ட வீட்டில் தங்கி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அத்தோட்டத்தை வளர்த்தார். அவர் பொறுப்பேற்றபோது அங்கு ஏறத்தாழ 300 வகைத் தாவரங்களே இருந்தன. அவர் விடைபெற்றபோது அவ்வெண்ணிக்கை 3,500ஐ எட்டியிருந்தது.

அவருடைய ஆய்வுகளுள் ஒன்று நம் வங்காளத்தின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. கயிறும் சாக்கும் செய்ய ஏற்ற நார்களை அவர் தேடினார். சணப்பையையும் சணலையும் வளர்த்துச் சோதித்து, சணல் நாரின் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பிற்காலத்தில் ஊக்லியின் இரு கரைகளிலும் எழுந்த சணல் ஆலைகளின் நெடிய வரலாற்றில் அந்த மாதிரிக்கும் ஓர் இடமுண்டு.

அவர் பெயரிட்ட தாவரங்கள் பல. இளவேனிலில் வங்காளத்தின் செம்மண் நிலத்தைச் செந்நிறமாக்கும் பலாச மரத்தின் பேரினத்திற்கு அறிவியற் பெயர் தந்தவர் அவரே. அம்மரத்தைத் தமிழில் புரசு என்பர். சென்னையின் புரசைவாக்கம் என்னும் பெயரில் அம்மரம் இன்றும் வாழ்கிறது. சால மரத்தின் அறிவியற் பெயரும் அவர் இட்டதே.

தோட்டத்தில் இந்திய ஓவியர்கள் அவருடைய மேற்பார்வையில் தொடர்ந்து வரைந்தனர். 2,500க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின. அவற்றின் ஒரு தொகுதி இன்றும் சிப்பூரில் உள்ளது. மற்றொரு தொகுதி இலண்டனின் கியூ தோட்டத்தில் உள்ளது. அவற்றை வரைந்த கைகள் பலவற்றின் பெயர்கள் ஏடுகளில் இடம்பெறவில்லை. மஞ்சளின் இரகசியத்தைச் சொல்லித்தந்த துணி ஓவியர்களின் பெயர்களும் அவ்வாறே மறைந்தன. ராக்ஸ்பர்க்கின் புகழைப் பேசும்போது அப்பெயரறியாப் பெருமக்களையும் நாம் நினைவுகூர வேண்டும்.

நண்பர் காத்த நூல்

நோயால் தளர்ந்த ராக்ஸ்பர்க் 1813ஆம் ஆண்டு இந்தியாவைவிட்டுப் புறப்பட்டார். தம் வாழ்நாள் உழைப்பாகிய இந்தியத் தாவரங்கள் பற்றிய கையெழுத்துப் படியைச் சேரம்பூரில் இருந்த நண்பர் வில்லியம் கேரியிடம் ஒப்படைத்தார். கேரி கிறித்தவச் சமயத் தொண்டர், அச்சகம் நடத்தியவர், தாவரங்களை நேசித்தவர். ஒரு மரப்பேரினத்திற்குக் கேரியின் பெயரையே ராக்ஸ்பர்க் சூட்டியிருந்தார்.

வழியில் செயின்ட் எலினாத் தீவில் தங்கியபோதும் ராக்ஸ்பர்க் ஓய்ந்திருக்கவில்லை. அத்தீவின் செடிகளைப் பட்டியலிட்டார். 1814ஆம் ஆண்டு கேரி, கொல்கத்தாத் தோட்டத்துத் தாவரங்களின் பட்டியலைச் சேரம்பூரில் அச்சிட்டார். 1815ஆம் ஆண்டு எடின்பரோவில் ராக்ஸ்பர்க் காலமானார். தம் பெருநூலை அச்சில் காண அவருக்கு வாய்க்கவில்லை. அதன் சில பகுதிகள் 1820 முதல் வெளிவந்தன. முழுநூலும் மூன்று தொகுதிகளாக 1832ஆம் ஆண்டு கேரியின் முயற்சியால் வெளிவந்தது. நூலாசிரியர் மறைந்து 17 ஆண்டுகள் கழிந்தபின்னும் நண்பர் தம் கடமையை மறக்கவில்லை.

இந்தியத் தாவரவியலின் தந்தை என்று ராக்ஸ்பர்க்கை அறிஞர்கள் போற்றுகின்றனர். அவர் வளர்த்த தோட்டம் இன்று ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. பெரிய ஆலமரத்தைக் காணச் செல்வோர் அதனையும் கண்டு வரலாம். அப்போது அருகிலுள்ள ஏதேனும் ஒரு மரத்தின் இலையைத் திருப்பிப் பாருங்கள். அதில் சிறு புடைப்பு இருந்தால், அது நோயா, வீடா, மருந்தா, மையா என்று எண்ணிப் பாருங்கள். அறிவியல் அத்தகைய வினாவிலிருந்தே பிறக்கிறது.

அறிந்துகொள்வோம்

இந்தியத் தாவரப் புடைப்புகளை 20ஆம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்தவர் பூச்சியியல் அறிஞர் எம்.எஸ். மணி. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் அவர் பணியாற்றினார். புடைப்புகளின் சூழலியல் பற்றி 1964இலும், இந்தியத் தாவரப் புடைப்புகள் பற்றி 1973இலும் அவருடைய நூல்கள் வெளிவந்தன.

சொற்பொருள்

அகவை – வயது
அன்னபேதி – இரும்பு உப்பு வகை
கழிமுகம் – ஆறு கடலில் கலக்கும் இடம்
தளிர் – இளம் இலை
திசு – உயிரணுக்களின் தொகுதி
துவர்ப்பு – அறுசுவைகளுள் ஒன்று
படிகாரம் – சாயத்தை நிலைக்கச் செய்யும் உப்பு
பொய்த்தல் – தவறுதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மாசிக்காய் ________ மரத்தில் உண்டாகும் புடைப்பு.
2. கடுக்காய்ப்பூ துணிக்கு ________ நிறத்தைத் தருகிறது.
3. ராக்ஸ்பர்க்கின் குறிப்புகள் வெள்ளத்தில் அழிந்த ஆண்டு ________.
4. பலாச மரத்தின் மற்றொரு தமிழ்ப்பெயர் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பூவல்லாத  2. கடுக்காய்ப்பூ  3. மருந்துக்கடை  4. அப்பணி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. துளையில்லாத மாசிக்காய்க்கு வணிகர்கள் மிகுந்த விலை கொடுத்தது ஏன்?
2. புடைப்புக்கும் அரக்குக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பஞ்சத்தைக் கண்ட ராக்ஸ்பர்க் கூறிய வழி யாது?

ஈ. விரிவாக விடை எழுதுக.
1. கேட்டதையும் கண்டதையும் ராக்ஸ்பர்க் வேறுபடுத்தி எழுதியதைச் சான்றுகளுடன் விளக்குக.
2. பெயர் அறியப்படாத ஓவியர்களும் சாயத் தொழிலாளர்களும் தாவர அறிவியலுக்கு ஆற்றிய பங்கினைப் பற்றி உம் கருத்தை எழுதுக.

உ. செயல்பாடு
உம் வீட்டில் உள்ள பெரியோரிடம் உரைமருந்துப் பொருள்களின் பெயர்களைக் கேட்டுத் தமிழில் பட்டியலிடுக. அவற்றுக்கு வங்காளத்தில் வழங்கும் பெயர்களை நண்பர்களிடம் கேட்டறிந்து எதிரே எழுதுக.